இடது கையால் மாட்டக்கூடிய பெல்ட்

என் கணவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மாக்கள் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடங்களாக என் வேலை. அன்று பகல் நிறுவைக்காகப் பெண்கள் கொழுந்து மடுவத்துக்கு இறங்கி வந்திருந்தார்கள். அங்கிருந்து திடீரென்று சத்தம் கேட்டது. பிறகு ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு. பயப்படாதீங்க, எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு."

குழந்தையைக் கூட வேலை செய்பவளிடம் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய சோற்றோடு ஓடினேன். ரோட்டோரத் தண்ணீர்க் கானின் கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தது. நாயின் சங்கிலி இன்னும் இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றியபடி இருந்தது. நாய் அவருடைய முழங்காலை நக்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள்.

"ரோட்டுல கல்லு" என்றார் அவர்.

கல் இல்லை. எதிர்ப்பக்கத் தேயிலைக்குள் ஒரு உடும்பு ஓடியதாம். நாய் பாய்ந்ததாம். இவர் பின்னாலேயே போயிருக்கிறார், காற்றில் அடித்துப் போகும் தகரம் மாதிரி.

அவருக்குப் பாரிசவாதம் வந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வலது கால் இழுத்து இழுத்து வரும். பேச்சு வந்தது, ஆனால் வார்த்தைகள் வாய்க்குள் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி வெளியே வரும். நான் விளங்கிக்கொள்வேன். மற்றவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள். அதற்கு முன்னால் அவர் எங்கள் தோட்டத்துப் பெக்டரியின் லொறி டிரைவர். ஓப்பநாயக்கவிலிருந்து கொழும்புவரை தேயிலை ஏற்றிக்கொண்டு போய்வருவார். பாதையோரத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அவருக்குச் சிநேகிதர்கள்.

அந்த லொறியின் முன் சீட்டில்தான் நாய் வளர்ந்தது. மாற்றலாகிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் குட்டியைக் கொண்டுபோக மனமில்லாமல் விட்டுப்போனார். இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தகப்பன் ஏதோ வெளிநாட்டுச் சாதி, தாய் பங்களாவில் சமைக்கும் குசினியோரம் கிடந்த ஊர் நாய். குட்டி வளர்ந்தது, ஆனால் உயரவில்லை. அகலத்தில்தான் வளர்ந்தது. கால் நான்கும் கட்டையாக, மார்பு அண்டா மாதிரி, தலை கழுத்தைவிடப் பெரிதாக. குட்டையன் என்று கூப்பிடத் தொடங்கி அதுவே பெயராகிவிட்டது. எங்கே போனாலும் லொறியில் போனதால் அவன் கயிற்றில் நடந்து பழகியதே இல்லை. லொறி வேறொரு டிரைவரின் கைக்குப் போன பிறகுதான் இருவரும் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள், ஒருவர் காலை இழுத்துக்கொண்டும் மற்றவன் அவரை இழுத்துக்கொண்டும்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: காலையும் மாலையும் நடக்க வேண்டும், தடி ஊன்றித்தான் நடக்க வேண்டும். ஆனால் வேலை செய்கிற கை ஒன்றுதான். அதில் தடியைப் பிடிப்பதா நாயைப் பிடிப்பதா? அவர் நாயைப் பிடித்தார். நான் எவ்வளவு சொல்லியும் தடி கதவுக்குப் பின்னாலேயே சாய்ந்து கிடந்தது.

விழுந்த பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "இனிமே நாய நான் கொண்டுபோறேன். நீங்க தடியோட நடங்க."

நான் நாயைக் கொண்டுபோனேன். அவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

பகல் முழுக்கக் குழந்தைகளைத் தூக்கி இறக்கி, கழுவி, தூங்கவைத்துவிட்டு வந்து, அவரைக் குளிக்கவைத்து, அதன் பிறகு இந்த நாயின் பின்னால் ஓட வேண்டும். சங்கிலி இறுகும்போது குட்டையனின் கண் பிதுங்கும். தொண்டையில் கர் கர் என்று இருமுவான். ஆனாலும் இழுப்பதை விடமாட்டான். என் தோள்மூட்டு இரவெல்லாம் வலித்தது. கொழுந்துப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "யாரு யாரைக் கூட்டிகிட்டுப் போறீங்க அக்கா?" முதலில் நானும் சிரித்தேன். பிறகு சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர் உள்பக்கம் முள் வைத்த கழுத்துப்பட்டை ஒன்றைப் பற்றிச் சொன்னார். இழுத்தால் குத்துமாம். இரண்டே நாளில் நாய் சரியாகிவிடுமாம். உள்ளேயிருந்து என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார் சத்தமாக. அந்த ஒரு வார்த்தை எல்லாருக்கும் விளங்கியது.

தோட்டத்துக்கு லீவு நாளொன்றில் பெல்மதுளைக்குப் போனேன். சந்திக்குக் கொஞ்சம் தள்ளி, மீன் தொட்டிகள் வைத்த ஒரு கடையில் நாய்ச் சாமான்களும் தொங்கின. கழுத்தை விட்டுவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட் இருப்பதாக மகள் போனில் சொல்லியிருந்தாள். அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்களின் நாய்கள் அப்படிப் போட்டுக்கொண்டு வருமாம். கடைக்காரர் அதை ஹானஸ் என்றார்.

"நாய் எவ்வளவு பெரிசு அக்கே?" என்று கேட்டார். அவர் சிங்களவர். என்னைக் கண்டதும் கொஞ்சம் தமிழில் பேசினார்.

கையை என் முழங்காலுக்கு வைத்துக் காட்டினேன். உயரத்தைக் காட்டினால் அகலம் எப்படித் தெரியும்? நடுத்தர அளவில் ஒன்றைத் தந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் தலைகூட நுழையவில்லை. குட்டையன் அதை மூக்கில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான். என் கணவர் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப பஸ்ஸேற வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் முறை பெரிய அளவு. தலை நுழைந்தது, ஆனால் அது உயரமான நாய்க்குச் செய்தது. உடம்பு நீளமில்லாததால் வயிற்றுப் பட்டை பின்னால் வழுக்கி இடுப்புவரை போய் நின்றது. மூன்றாம் முறை, சட்டைக்கு அளவெடுக்கும் நாடாவால் அவனை அளந்துகொண்டு போனேன். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்று, கழுத்தின் அடி, தலையின் சுற்று. கடைக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "இது நாயா, பீப்பாயா?" என்றார். தேடித் தேடி, பட்டைகளைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்றை எடுத்துத் தந்தார். அது பொருந்தியது. கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருந்தது.

அன்று மாலையே என் கணவர் தானே கொண்டுபோவதாக எழுந்தார். நான் சரி என்றேன். பின்னாலேயே போனேன்.

லயத்து முனை தாண்டும்வரை நன்றாக நடந்தார்கள். அதன் பிறகு குட்டையன் கண்டுபிடித்துவிட்டான். கழுத்து நெரியவில்லை, இருமல் வரவில்லை, மார்பு முழுவதாலும் தள்ளலாம். வண்டி மாட்டுக்கு நுகம் பூட்டிவிட்டதைப் போல அவன் குனிந்து, நிலத்தில் நகத்தை ஊன்றி இழுத்தான். முதுகு வளையத்திலிருந்து கயிறு நேராக விறைத்தது. என் கணவரின் கெட்ட கால் நிலத்தில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. ஓடிப்போய் அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் அப்படியே ஒரு ரயில் மாதிரிக் கொஞ்சத் தூரம் போய், ஒரு சவுக்கு மரத்தில் மோதி நின்றோம்.

அங்கேயே நின்று சத்தம் போட்டேன். யாராவது கேட்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

"போதும். யாருக்காச்சும் குடுத்துருவோம் இந்த நாய. எனக்கு ஏலாது. ரெண்டு பேரையும் தூக்க எனக்கு ஏலாது."

அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் இடது கையாலேயே பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நான்தான் கழற்றினேன்.

அந்த வாரம் அவர் நடக்கவே இல்லை. தடியோடும் இல்லை, நாயோடும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிடுவார். நானும் பேசாமல் இருந்தேன். கோபம் பாதி, பேசத் தெம்பில்லாதது பாதி. ஒரு மாலை தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தபோது அவரே தொடங்கினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தடியோட போனா எல்லாரும் 'இப்ப எப்புடி இருக்கு'ன்னு கேக்குறாங்க. நா பதில் சொல்லணும். சொன்னா வெளங்காது. 'என்ன, என்ன'ன்னு திரும்பக் கேப்பாங்க. அப்புறம் பாவமா பாப்பாங்க." காலடியில் கிடந்த குட்டையனைக் காட்டினார். "இவன் வந்தா இவனப் பத்தித்தான் கேக்குறாங்க. கடிப்பானா, என்ன தின்னுவான்னு. அதுக்கு நா தலைய ஆட்டுனா போதும்."

அதைக் கேட்டு எனக்கு உடனே மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று எரிச்சல்தான் வந்தது. பெல்மதுளை பஸ்ஸில் நின்றபடி போய்வந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் நாயைக் கொடுத்துவிடும் பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் தோட்டத்துக்கு விசர்நாய் ஊசி போட ஆட்கள் வந்தார்கள். பழைய ஸ்டோர் முன்னால் நாய்களோடு எல்லாரும் வரிசையாக நின்றோம். மிருக டொக்டர் ஒரு இளம் சிங்களப் பெண். குட்டையனைப் பிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டது. ஊசியைப் போட்டுவிட்டு அவர் அவனுடைய முன்னங்கால் இடுக்கைத் தூக்கிப் பார்த்தார். மயிர் உரிந்து சிவந்திருந்தது.

"அனே, பெல்ட் உரசியிருக்கு" என்றார் சிங்களத்தில். "இழுக்கிறவனா?"

எனக்குள் அடைத்திருந்ததெல்லாம் அவரிடம் கொட்டிப்போயிற்று. என் கணவரின் கை, கால், லொறி, விழுந்தது, எல்லாம். வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். டொக்டர் கேட்டுவிட்டு, தன் விரலைக் குட்டையனின் மார்பு நடுவில் வைத்துக் காட்டினார். வளையம் முதுகில் இருந்தால் அவன் வண்டி இழுப்பான், மார்பில் இருக்க வேண்டும் என்றார். முன்னால் பாய்ந்தால் கயிறு அவனைப் பக்கவாட்டில் திருப்பிவிடுமாம், பாய்ந்த பலன் கிடைக்காதாம். கால் இடுக்கிலிருந்து பட்டை நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும், இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். பிறகு இன்னொன்றும் சொன்னார்: முழுக்கச் சரியாகும் என்று நினைக்க வேண்டாம், அவன் இழுக்கும்போதெல்லாம் அப்படியே நின்றுவிடப் பழக வேண்டும்.

"நிக்கத்தான் எனக்கு நல்லா வருமே" என்றார் என் கணவர், நான் வீட்டில் வந்து சொன்னபோது.

பெல்மதுளைக் கடையில் மார்பு வளையம் வைத்தது இல்லை. என் கணவரின் அடுத்த கிளினிக் நாளில் இரத்தினபுரியில் பார்ப்பது என்று முடிவாயிற்று. கிளினிக் முடிய மத்தியானம் ஆனது. மழை வேறு. ஒரு கையில் குடை, மறு கையில் அவர். அவரை பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன்.

"நானும் வர்றேன்" என்றார்.

பாரிசவாதம் வந்த பிறகு அவர் டவுனில் கடையொன்றுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கூண்டுகளில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. கடையில் நின்ற பெண்ணிடம் நான் விளக்கத் தொடங்கினேன். அவர் என் கையைத் தட்டி நிறுத்தினார். லொறிக் காலத்தில் பாதையெல்லாம் பேசிய சிங்களம் அவருடையது.

"நங்கி, எக அதின் தாண்ட புளுவந்த?"

ஒரு கையால் போட முடியுமா என்று கேட்கிறார். அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். மறுபடி சொன்னார், இன்னும் மெதுவாக. மடங்கிய வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார். அவளுக்கு விளங்கிவிட்டது.

மார்பு வளையம் வைத்தவை நான்கைந்து இருந்தன. அவற்றில் பாதி தலை வழியாக நுழைக்க வேண்டியவை. "இவன் தலைக்கு ஏலாது" என்று ஒதுக்கினார். கழுத்திலும் வயிற்றிலும் திறந்து பூட்டக்கூடியவற்றை மட்டும் எடுத்துவைத்தார். நாய் இல்லாமல் எப்படிப் போட்டுப் பார்ப்பது? அந்தப் பெண் உள்ளே போய் நாய்ச் சாப்பாட்டு மூட்டையொன்றை இழுத்துவந்து கவுண்டரில் சாய்த்து வைத்தாள். அதன் உருவம் உண்மையிலேயே குட்டையன் மாதிரிதான் இருந்தது.

என் கணவர் மூட்டைக்கு ஒவ்வொரு பெல்ட்டாக மாட்டத் தொடங்கினார். முதலாவதன் பூட்டு இரண்டு பக்கமும் அமுக்கினால்தான் திறக்கும், அவருடைய பெருவிரல் எட்டவில்லை. இரண்டாவது பூட்டியது, திறக்கவில்லை. பட்டையைத் தாடையால் அழுத்திக்கொண்டு முயன்றார். எச்சில் வழிந்தது. துடைக்கப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வளர்ப்பு மீன் வாங்க வந்த ஒருவரின் கையிலிருந்த பொலித்தீன் பைக்குள் மீன் சுற்றிச் சுற்றி வந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. விடியற்காலையிலிருந்து நின்ற கால். எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், நான் பூட்டிவிடுகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நாள் முழுக்க நான் பூட்டிக்கொண்டும் திறந்துகொண்டும்தான் இருக்கிறேன், அவருடைய சட்டைப் பொத்தானிலிருந்து. இதையுமா? அப்படியே இன்னொரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

க்ளிக் என்று சத்தம் கேட்டது.

சிவப்பு நிறத்தில் ஒன்று. பூட்டு பெரிதாக, ஒரு பக்கம் மட்டும் அமுக்குவது. பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். மார்பு வளையத்தை இழுத்துப் பார்த்தார். மூட்டை பக்கவாட்டில் திரும்பிச் சரிந்தது. கடைப் பெண் ஓடிவந்து பிடித்தாள்.

"ஹரி" என்றார் என் கணவர் அவளிடம், இது சரி என்று. அவளும் "ஹரி, மாமா" என்று சிரித்தாள்.

அடுத்த நாள் குட்டையனுக்கு அவரே மாட்டினார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. நாய் அவருடைய முகத்தை நக்கும், அவர் திட்டுவார், பட்டை முறுக்கிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்குவார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன், பார்த்தால் என் கை உதவப் போய்விடும் என்று.

லயத்து முனையில் ஒரு கோழியைக் கண்டதும் குட்டையன் பாய்ந்தான். கயிறு இறுகியது. மார்பிலிருந்து அப்படியே சுழன்று, என் கணவரைப் பார்த்தபடி நின்றான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகத்தில் அவ்வளவு குழப்பம்.

"என்னடா? வீட்டுல எதையும் மறந்து வச்சிட்டியா?" என்றார் அவர்.

எல்லாம் சரியாகிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். உடும்பைக் கண்டால் அவன் இன்றும் பாய்கிறான். மழைக்காலத்தில் அவனுடைய கால் இடுக்கிலிருந்து அட்டை பிடுங்குவது என் வேலை. ஈரமான பெல்ட்டைக் காயப்போடுவதும் என் வேலை. தடி இன்னும் கதவுக்குப் பின்னால்தான். டொக்டரிடம் தடியோடு நடப்பதாகப் பொய் சொல்கிறார், நான் பேசாமல் நிற்கிறேன். ஆனால் நாய் இழுத்தால் அவர் நின்றுவிடப் பழகிக்கொண்டார். அவர் நின்றால் குட்டையனும் திரும்பி வந்து நிற்கப் பழகிக்கொண்டான். கொழுந்து மடுவம்வரை போய்வர அவர்களுக்கு நிறைய நேரம் எடுக்கிறது.

முதல் சில வாரங்கள் கொஞ்சம் இடைவெளிவிட்டுப் பின்னாலேயே போனேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் மாலை பிள்ளை மடுவத்திலிருந்து வந்தபோது இருவரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். செருப்பைத் தேடினேன்.

"நீ வேணாம்" என்றார். "ஒக்காரு."

வாசலில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் வைத்துக் குடிக்கலாம் என்று நினைத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பெக்டரிப் பக்கம் யாரோ அவரிடம் உரக்கக் கேட்டது காதில் விழுந்தது: "அண்ணே, இவன் கடிப்பானா?" அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை.

அவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது கழற்றிய பெல்ட் கம்பியில் தொங்கியது. குட்டையன் என் காலடியில் படுத்திருந்தான். அவர் உள்ளே அடுப்படியில் தேத்தண்ணீர்க் கேத்தலை உருட்டிக்கொண்டிருந்தார்.